பணம் எங்கே நிற்கிறது? வாலட், கஸ்டடி இணைப்பில் வரும் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கஸ்டடி சேவையின் (கிரிப்டோ பணத்தின் ரகசியக் கீகளைக் காத்து, நமக்காகக் கையெழுத்திட்டு அனுப்பும் நிறுவனம்) ஏபிஐயை, அதாவது நிரல்கள் பேசிக்கொள்ளும் வழியை, ஒரு செயலியோடு இணைத்து ஓடவிட்ட பிறகு வரும் புகார்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். புகார் எழுதுபவர் 'பணம் போகவில்லை' என்பார், இல்லாவிட்டால் 'பணம் வரவில்லை' என்பார். பின்னால் இருக்கும் காரணங்கள் இருபதுக்கு மேல் போகாது. எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் பத்து நிமிட வேலை. தெரியாவிட்டால் ஒரு இரவு போய்விடும், சில சமயம் பணமும் போய்விடும்.

பணம் போவது பெரும்பாலும் முதல் கோளாறால் அல்ல. பதற்றத்தில் யாராவது 'மறுபடி அனுப்பு' என்பதை அழுத்திவிடுவதால்தான். செயினில் (பரிவர்த்தனைகள் பிளாக் பிளாக்காகச் சேரும் பொதுப் பதிவேடு) போன பணத்தைத் திரும்ப அழைக்க வழி கிடையாது. அதனால் ஒரு விதியை மட்டும் எல்லா இடத்திலும் பிடித்துக்கொள்ளுங்கள்: இரண்டாவது பரிவர்த்தனையை அனுப்பும் முன், முதலாவது இனி எப்போதும் பிளாக்கில் ஏற முடியாது என்பதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும். அந்த ஆதாரம் செயினுக்குச் செயின் வேறுபடும். அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் மூன்று எண்களை எடுத்து வையுங்கள். நம் டேட்டாபேஸில் உள்ள ஆர்டர் எண், கஸ்டடி சேவை கொடுத்த எண், செயினில் அந்தப் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் ஹேஷ். இந்த மூன்றில் எது இல்லை என்று பார்த்தாலே எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

## அறிகுறி: வித்ட்ராயல் 'பெண்டிங்' என்றே நிற்கிறது

### ஹேஷ் வரவே இல்லை

பணம் இன்னும் செயினுக்கே போகவில்லை. எக்ஸ்ப்ளோரரில் (செயினைத் தேடிப் பார்க்கும் இணையதளம்) தேடிப் பயனில்லை, கஸ்டடி டாஷ்போர்டைத் திறங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஒப்புதல். குறிப்பிட்ட தொகைக்கு மேல் இரண்டு பேர் சரி சொல்ல வேண்டும் என்று பாலிசியில் இருக்கும். அதில் ஒருவர் விடுமுறையில் இருப்பார், அல்லது போனை மாற்றியிருப்பார். வெள்ளிக்கிழமை மாலை வரும் புகார்களில் முக்கால்வாசி இதுதான். அடுத்து, பெறும் முகவரி வைட்லிஸ்ட்டில் (அனுமதித்த முகவரிகளின் பட்டியல்) இருக்கிறதா, சேர்த்த பிறகு இருக்கும் காத்திருப்பு நேரம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

இரண்டும் சரியென்றால் பாலிசி விதிகளின் வரிசையைப் படியுங்கள். பல சேவைகள் விதிகளை மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். புதிய விதியைக் கடைசியில் சேர்த்துவிட்டு அது வேலை செய்யவில்லை என்று தேடுவோம். மேலே இருக்கும் 'எல்லாவற்றையும் நிறுத்து' விதி அதை எட்டவே விடாது.

அப்புறம் கேஸ் இருப்பு, அதாவது செயினுக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கான பணம். வாலட்டில் யுஎஸ்டிடி (டாலர் மதிப்பைப் பின்பற்றும் டோக்கன்) நிறைய இருக்கும், அதை நகர்த்த ஈத்தர் (எத்தீரியத்தின் சொந்த நாணயம்) இருக்காது. டிரான் செயினில் இதே நிலைமை எனர்ஜி, பேண்ட்வித் என்ற பெயரில் வரும்.

கடைசியாக, சேவையோடு சேர்ந்து கையெழுத்திடும், நாமே நடத்தும் கோ-சைனர் சர்வர். டிஸ்க் நிறைந்திருக்கும், சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கும், அல்லது ஒவ்வொரு கையெழுத்துக்கும் முன் அது அழைக்கும் நம் கால்பேக் (ஒப்புதல் கேட்டு அது தொடர்புகொள்ளும் நம் நிரல்) நேரத்துக்குப் பதில் தராமல் இருக்கும். லாக்கில் இந்த மூன்றையும் தேடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: கோ-சைனர் எழுந்திருக்கிறது, ஆனால் தன் கீ பங்கைக் (கையெழுத்திடும் ரகசியக் கீயில் அதனிடம் உள்ள பகுதி) காணவில்லை என்கிறது என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள். மறுநிறுவல் செய்யாதீர்கள், அந்த மெஷினை அழித்துவிட்டுப் புதிதாக எழுப்பாதீர்கள். டிஸ்கை அப்படியே நகல் எடுத்து வைத்துவிட்டுச் சேவையின் அவசர எண்ணை அழையுங்கள். மீட்டெடுக்க முடியாதபடி கீ பங்கை அழித்தவை பெரும்பாலும் நல்ல எண்ணத்தில் செய்த மறுநிறுவல்கள்தான்.

### ஹேஷ் இருக்கிறது, எத்தீரியம் வகைச் செயினில் ஏறவில்லை

நோடிடம் (செயினை இயக்கும் கணினிகளில் ஒன்று) அந்த அனுப்பும் முகவரியின் பரிவர்த்தனை எண்ணிக்கையை இரண்டு முறை கேளுங்கள். ஒரு முறை 'லேட்டஸ்ட்' (பிளாக்கில் ஏறியவை மட்டும்) என்று, மறுமுறை 'பெண்டிங்' (வரிசையில் காத்திருப்பவையும் சேர்த்து) என்று. பிறகு நம் டேட்டாபேஸில் கடைசியாக ஒதுக்கிய நான்ஸைப் (ஒரு முகவரியின் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கொடுக்கும் வரிசை எண்) பக்கத்தில் எழுதுங்கள்.

*லேட்டஸ்ட் 412, பெண்டிங் 430, நம்மிடம் கடைசி 429.* வரிசை முழுமையாக இருக்கிறது. 412-க்குக் கொடுத்த கட்டணம் போதவில்லை, பின்னால் இருக்கும் பதினேழும் அதற்காகக் காத்திருக்கின்றன. 429-இன் கட்டணத்தை உயர்த்தி ஒன்றும் ஆகாது. 412-ஐ அதே நான்ஸில் கூடுதல் கட்டணத்தோடு அனுப்ப வேண்டும். கெத் (எத்தீரியம் நோட் மென்பொருள்களில் ஒன்று) நோடுகள் ஏற்க வேண்டுமானால் அதிகபட்சக் கட்டணம், முன்னுரிமைக் கட்டணம் இரண்டுமே குறைந்தது 10 சதவீதம் கூட வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றினால் 'ரீப்ளேஸ்மென்ட் அண்டர்பிரைஸ்டு' என்று திருப்பிவிடும். 2021 ஆகஸ்ட்டில் வந்த 'லண்டன்' என்ற எத்தீரியம் மேம்படுத்தலுக்குப் பிறகு அடிப்படைக் கட்டணம் (செயினே நிர்ணயிப்பது) ஒரு பிளாக்குக்கு 12.5 சதவீதம் வரை ஏறலாம். ஆகவே அதிகபட்சக் கட்டணத்தை இப்போதைய அடிப்படைக் கட்டணத்தைப்போல் இரு மடங்காக வைத்தால் தொடர்ந்து ஆறு பிளாக் நிரம்பி வந்தாலும் கிட்டத்தட்டத் தாங்கும்.

*லேட்டஸ்ட் 412, பெண்டிங்கும் 412, நம்மிடம் கடைசி 429.* இங்கே 412 தொலைந்துபோயிருக்கிறது. 413 முதல் 429 வரை நோடின் காத்திருப்புப் பட்டியலில் தொங்குகின்றன. கெத் இயல்பாக ஒரு முகவரிக்கு இப்படி 64 பரிவர்த்தனைகளையும் மூன்று மணி நேரத்தையும்தான் அனுமதிக்கும், பிறகு தூக்கி எறியும். 412 யாருடைய வித்ட்ராயல் என்று டேட்டாபேஸில் பாருங்கள். உண்மையான வித்ட்ராயல் என்றால் அதையே 412-இல் அனுப்புங்கள். கையெழுத்து ஆகாமலே கைவிடப்பட்டது என்றால் பூஜ்யம் தொகையை அந்த அனுப்பும் முகவரியிலிருந்து அதற்கே அனுப்பி இடைவெளியை நிரப்புங்கள்.

இடைவெளி விழுந்த காரணத்தையும் அன்றே சரிசெய்யுங்கள். பெரும்பாலும் இரண்டு வொர்க்கர்கள் (பின்னணியில் ஓடும் நம் நிரல்கள்) ஒரே முகவரிக்கு நான்ஸ் ஒதுக்கியிருப்பார்கள், அல்லது நான்ஸ் ஒதுக்கிய பின் கையெழுத்துத் தோல்வியடைந்திருக்கும். ஒரு முகவரிக்கு ஒரே இடத்தில், டேட்டாபேஸ் வரிசையைப் பூட்டி ஒதுக்குவதைத் தவிர நம்பகமான வழியை நான் பார்த்ததில்லை.

இங்கே 'செத்துவிட்டது' என்பதற்கு ஆதாரம்: அதே நான்ஸில் வேறொரு பரிவர்த்தனை பிளாக்கில் ஏறி, அந்த பிளாக் ஃபைனலைஸ் (இனி மாறாது என்று உறுதி) ஆகியிருக்க வேண்டும். எத்தீரியத்தில் அதற்குச் சுமார் 13 நிமிடம் ஆகும். எக்ஸ்ப்ளோரரில் 'கிடைக்கவில்லை' என்று வருவது ஆதாரம் ஆகாது. வேறொரு நோடின் நினைவில் அது உயிரோடு இருக்கலாம்.

கஸ்டடி சேவையே நான்ஸை நிர்வகித்தால் இதில் எதையும் கையால் செய்யாதீர்கள். அவர்களுடைய வேகப்படுத்தும் ஏபிஐயை மட்டும் பயன்படுத்துங்கள்.

### பிட்காயினில் ஏறவில்லை

கட்டணம் போதவில்லை என்பதுதான் முதல் காரணம். அதே இன்புட்டை (அந்தப் பரிவர்த்தனை செலவழிக்கும் நாணயம்) வைத்துக் கூடுதல் கட்டணத்தில் மாற்றி அனுப்பலாம். 2024-இல் வந்த பிட்காயின் கோர் (பிட்காயின் நோட் மென்பொருள்) 28 முதல், மாற்றலாம் என்ற குறி இல்லாத பரிவர்த்தனையையும் நோடுகள் இயல்பாகவே மாற்ற அனுமதிக்கின்றன. மாற்ற முடியாத நிலையில், மீதிச் சில்லறை நமக்கே வந்திருந்தால் அந்த அவுட்புட்டை அதிகக் கட்டணத்தில் செலவழித்து அப்பனையும் (நின்றுபோன முதல் பரிவர்த்தனையையும்) சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு வித்ட்ராயலும் முந்தையதன் சில்லறையைச் செலவழித்தால் உறுதியாகாத சங்கிலி நீண்டுகொண்டே போகும். பிட்காயின் கோர் நீண்ட காலம் வைத்திருந்த வரம்பு 25. இருபத்தாறாவது வித்ட்ராயல் நோடுக்குள்ளேயே நுழையாது. பலருக்கும் ஒரே பரிவர்த்தனையில் தொகுத்து அனுப்புங்கள். ஹாட் வாலட்டில் (இணையத்தோடு இணைந்திருக்கும் வாலட்) ஒரே பெரிய நாணயமாக வைக்காமல் பத்து இருபதாகப் பிரித்து வையுங்கள்.

நோடுகள் இயல்பாக 336 மணி நேரம் கழித்து மறந்துவிடும். மறந்தது செத்ததாகாது. யார் வேண்டுமானாலும் பழையதை மறுபடி பரப்பலாம். அதே இன்புட்டை வேறொரு பரிவர்த்தனையில் செலவழித்து அது உறுதியான பிறகே பழையது செத்தது என்று எழுதுங்கள்.

### சோலானாவில் ஹேஷ் இருந்தது, இப்போது எங்கும் இல்லை

சோலானா பரிவர்த்தனை ஒரு பிளாக்ஹேஷோடு (சமீபத்திய ஒரு பிளாக்கின் அடையாளம்) கட்டப்படும். அதன் ஆயுள் 150 பிளாக், ஏறக்குறைய ஒரு நிமிடம். மனிதர் ஒப்புதல் தரும் கஸ்டடியில் ஒரு நிமிடத்துக்குள் யாரும் போனை எடுக்கக்கூட மாட்டார்கள். கையெழுத்து வரும்போது பிளாக்ஹேஷ் முடிந்திருக்கும். இதற்கு வழி, பிளாக்ஹேஷுக்குப் பதிலாகக் காலாவதியாகாத மதிப்பைத் தரும் நீடித்த நான்ஸ் கணக்கு. அதைப் பயன்படுத்தும்படி சேவையின் அமைப்பை மாற்றுங்கள்.

சாதாரண பிளாக்ஹேஷ் என்றால் ஆதாரம் எளிது. கடைசி செல்லுபடி பிளாக் உயரத்தைச் செயின் தாண்டிவிட்டது, 'ஃபைனலைஸ்டு' நிலையில் பழைய வரலாற்றையும் சேர்த்துத் தேடியும் கையெழுத்து (சோலானாவில் இதுதான் ஹேஷ்) இல்லை என்றால் மறுபடி அனுப்பலாம். நீடித்த நான்ஸ் என்றால் அந்தக் கணக்கின் நான்ஸை முன்நகர்த்திய பிறகே.

## அறிகுறி: ஒரே வித்ட்ராயல் இரண்டு முறை போய்விட்டது

இதை ஒரு முறை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு சம்பள வழங்கல் செயலி, சனிக்கிழமை இரவு. கஸ்டடி ஏபிஐ பதில் தர 31 விநாடி எடுத்தது, நம் பக்க டைம்அவுட் 30. வொர்க்கர் 'தோல்வி' என்று எழுதிவிட்டு மறுபடி அழைத்தது. கோரிக்கையில் ஐடெம்பொட்டன்சி கீ (ஒரே கட்டளை இருமுறை வந்தாலும் ஒருமுறை மட்டும் நிறைவேற வைக்கும் அடையாளம்) இருந்தது, சோதனையெல்லாம் தேறியிருந்தது. ஆனால் அந்த கீயை உருவாக்கும் வரி, ஏபிஐயை அழைக்கும் ஃபங்ஷனுக்குள் இருந்தது. ஒவ்வொரு ரீட்ரைக்கும் புதிய கீ போனது. கஸ்டடி சேவையின் பார்வையில் இரண்டு வெவ்வேறு கட்டளைகள். பதினொரு பேருக்கு இரண்டு சம்பளம். ஒன்பது பேர் மறுநாளே திருப்பி அனுப்பினார்கள். மீதி இருவரிடம் பேசி வாங்க மூன்று வாரம் ஆனது.

பார்க்க வேண்டியவை, மலிவானது முதலில்:

1. கீ எங்கே பிறக்கிறது? ஆர்டர் டேட்டாபேஸில் எழுதப்படும் அதே கணத்தில், அதே வரிசையில் பிறக்க வேண்டும்.
2. டைம்அவுட்டைத் தோல்வி என்று எழுதுகிறோமா? அது 'தெரியாது' என்ற தனி நிலை. அந்த நிலையிலிருந்து வெளியேற ஒரே வழி, அதே கீயை வைத்துச் சேவையிடம் நிலவரம் கேட்பது.
3. சேவை அந்த கீயை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும்? அந்தக் காலத்தைத் தாண்டி வரும் ரீட்ரை புதிய கட்டளையாகிவிடும். பழைய வரிசைகளைத் தானாக ரீட்ரை செய்வதை அதற்கு முன்பே நிறுத்துங்கள்.
4. கஸ்டடி பக்கம் ஒன்றுதான், செயினில் இரண்டு என்றால் கட்டணம் உயர்த்தும்போது நான்ஸ் மாறியிருக்கிறது.

எப்போது கூப்பிட வேண்டும்: நான்காவது நிலை என்றால் சேவையை உடனே அழையுங்கள். தவறு அவர்கள் பக்கம் இருக்க வாய்ப்புண்டு, அது வேறு வாடிக்கையாளர்களையும் தாக்கிக்கொண்டிருக்கலாம்.

## அறிகுறி: பயனர் அனுப்பிவிட்டார், நம் பக்கம் வரவு இல்லை

பயனரிடம் ஹேஷைக் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் போதாது.

### ஹேஷ் வேறு செயினில் இருக்கிறது

எத்தீரியம், பிஎன்பி, பாலிகான் எல்லாவற்றிலும் முகவரி வடிவம் ஒன்றே. நாம் ஆதரிக்காத செயினுக்குப் பணம் வந்திருந்தாலும் சாதாரண முகவரியாக இருந்தால் பிரைவேட் கீ ஒன்றுதான், மீட்கலாம். டெபாசிட் முகவரி ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டாக (செயினிலேயே ஓடும் நிரல்) இருந்தால் அந்தச் செயினில் அதே முகவரியில் அதே கான்ட்ராக்ட்டை நிறுவ முடியுமா என்பதைப் பொறுத்தது. இதை நீங்களே முயலாமல் கஸ்டடி சேவையிடம் விடுங்கள்.

### டேக் அல்லது மெமோ இல்லை

எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லர் போன்றவற்றில் எல்லாப் பயனருக்கும் ஒரே முகவரி, ஆளைப் பிரிப்பது டேக்கோ மெமோவோதான். பணம் நம்மிடம்தான் இருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை. அனுப்பிய முகவரி, நேரம், துல்லியமான தொகை மூன்றும் பொருந்தினால் கையால் வரவு வையுங்கள். திரும்ப வராமல் இருக்க எக்ஸ்ஆர்பி கணக்கில் 'டேக் கட்டாயம்' என்ற அமைப்பை இயக்குங்கள். டேக் இல்லாத பணம் லெட்ஜரிலேயே திருப்பப்படும். இவ்வளவு எளிதான ஒரு அமைப்பைப் பலர் வருடக்கணக்கில் இயக்காமலே வைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பயனர்கள் அதற்காக வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

### சரியான செயின், சரியான முகவரி, வெற்றி என்றும் காட்டுகிறது

உறுதிப்பாடுகள் போதவில்லையா, குறைந்தபட்ச டெபாசிட் தொகைக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஈத்தர் எப்படி வந்தது என்று பாருங்கள். ஒரு கான்ட்ராக்ட்டிலிருந்து உள் அழைப்பாக வந்த ஈத்தருக்கு நிகழ்வு லாக் எதுவும் இருக்காது. பரிவர்த்தனையின் 'டு' முகவரியை மட்டும் ஸ்கேன் செய்யும் நிரலுக்கு அது தெரியவே தெரியாது. டிரேஸ் (பரிவர்த்தனைக்குள் நடந்த அழைப்புகளின் பதிவு) பார்க்க வேண்டும், அல்லது இருப்பை ஒப்பிட வேண்டும்.

2023-க்குப் பிறகு இது அதிகமாகிவிட்டது. இஆர்சி-4337 வகை ஸ்மார்ட் வாலட்டிலிருந்து (கான்ட்ராக்ட்டாகவே இயங்கும் வாலட்) வரும் பணத்தில் வெளிப் பரிவர்த்தனையின் அனுப்புநர் பண்ட்லர் (பயனர்களின் செயல்களைத் தொகுத்து அனுப்புபவர்), பெறுநர் அவற்றை நிறைவேற்றும் என்ட்ரிபாயின்ட் கான்ட்ராக்ட். பயனரின் முகவரி வெளியே எங்கும் தெரியாது. இன்னொரு பொறியும் உண்டு. வெளிப் பரிவர்த்தனை வெற்றி என்று காட்டும், உள்ளே இருக்கும் பயனரின் செயல் தோற்றிருக்கும். யூசர்ஆபரேஷன் நிகழ்வில் உள்ள வெற்றிக் குறியைத்தான் நம்ப வேண்டும்.

டோக்கன் என்றால் கான்ட்ராக்ட் முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். யுஎஸ்டிடி என்று யார் வேண்டுமானாலும் டோக்கனுக்குப் பெயர் வைக்கலாம்.

## அறிகுறி: தொகை தவறாக வருகிறது

லட்சம் கோடி மடங்கு கூட அல்லது குறைவு. தசம இடங்கள். யுஎஸ்டிடிக்கு எத்தீரியத்தில் 6, பிஎன்பி செயினில் 18. டோக்கன் பெயரை வைத்துத் தசமத்தை எடுக்கும் எந்த நிரலும் ஒருநாள் மாட்டும். செயினும் கான்ட்ராக்ட் முகவரியும் சேர்ந்துதான் கீயாக இருக்க வேண்டும்.

கடைசி இலக்கங்கள் மட்டும் மாறுகின்றன. ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் 9007199254740991 வரைதான் துல்லியம். வெய் (ஈத்தரின் மிகச் சிறிய அலகு) கணக்கில் அது வெறும் 0.009 ஈத்தர். தொகை எந்த இடத்திலும், ஜேசன் (தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) படிக்கும்போதுகூட, எண்ணாக மாறக் கூடாது. சரமாகவோ பெரிய முழு எண்ணாகவோ இருக்கட்டும்.

எக்ஸ்ஆர்பியில் வந்ததைவிட அதிகமாக வரவு வைத்துவிட்டோம். இது ஆபத்து. பகுதிக் கட்டணம் என்ற வசதியில் 'அமவுண்ட்' புலத்தில் பெரிய தொகை இருக்கும், உண்மையில் வந்து சேர்ந்தது மிகச் சிறியதாக இருக்கும். 'டெலிவர்டு அமவுண்ட்' புலத்தை மட்டுமே படியுங்கள். ஏற்கெனவே வரவு வைத்திருந்தால் அந்தக் கணக்கின் வித்ட்ராயலை நிறுத்திவிட்டுப் பாதுகாப்புக் குழுவைக் கூப்பிடுங்கள். தெரியாமல் நடக்கிற விஷயம் இல்லை இது.

## அறிகுறி: வெப்ஹூக் கையெழுத்து பொருந்தவில்லை, ஏபிஐ 401 தருகிறது

வெப்ஹூக் என்பது ஒரு நிகழ்வு நடந்ததும் சேவை நம் சர்வருக்கு அனுப்பும் செய்தி. 401 என்பது அழைப்பவர் யாரென்று உறுதியாகவில்லை என்ற மறுப்பு. எல்லாமே தோற்றால் ரகசியக் கீ தவறு. டெஸ்ட் சூழலின் கீயை லைவில் வைத்திருப்போம். சில மட்டும் தோற்றால் கவனமாகப் பாருங்கள்.

ஒரு இணைப்பில் நூறில் மூன்று வெப்ஹூக் மட்டும் தோற்றுக்கொண்டிருந்தது. நேரம், சர்வர், தொகை எதிலும் ஒற்றுமை இல்லை. தோற்ற பாடிகளை (செய்திகளின் உள்ளடக்கம்) ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது கண்ணில் பட்டது: எல்லாவற்றிலும் குறிப்புப் புலத்தில் தமிழ் எழுத்து இருந்தது. நம் பைதான் நிரல் வந்த ஜேசனைப் பிரித்து, மறுபடி ஜேசனாக்கி, அதன்மேல் ஹெச்மேக் (ரகசியக் கீயால் கணக்கிடும் கையெழுத்து) போட்டது. மறுபடி ஆக்கும்போது பைதான் இயல்பாகவே தமிழ் எழுத்துகளை யூனிகோட் எண்களாக மாற்றிவிடும். பைட்டுகள் மாறின, கையெழுத்தும் மாறியது. வந்த பாடியைப் பைட்டுக்குப் பைட் அப்படியே எடுத்துக் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு, பிறகுதான் பிரிக்க வேண்டும்.

விட்டுவிட்டு 401 வந்தால் சர்வர் கடிகாரம். சில சேவைகளில் கோரிக்கையோடு அனுப்பும் அடையாள டோக்கனின் ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) ஒத்திசைவு ஓடுகிறதா என்று பாருங்கள். இந்தியாவில் இயங்கும் சேவை என்றால் சர்வர் கடிகாரங்களை ஒத்திசைப்பது செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவின்படி கட்டாயமும்கூட.

ஒரே வெப்ஹூக் இருமுறை வருவதும் வரிசை மாறி வருவதும் கோளாறு அல்ல, அவை அப்படித்தான் வரும். நிகழ்வு எண்ணை வைத்து ஒருமுறை மட்டும் செயல்படுத்துங்கள். 'முடிந்தது' வந்த பிறகு தாமதமாக வரும் 'பெண்டிங்' நிலையைப் பின்னுக்கு இழுக்கக் கூடாது.

## அறிகுறி: சீடை வைத்து மீட்டால் வேறு முகவரி வருகிறது, இருப்பு பூஜ்யம்

சீட் என்பது வாலட்டின் எல்லாக் கீகளும் பிறக்கும் ரகசியச் சொற்கள். முதலில் டெரிவேஷன் பாதை, அதாவது சீடிலிருந்து எந்த முகவரியை உருவாக்குவது என்று சொல்லும் எண் வரிசை. எத்தீரியத்தில் சில வாலட்டுகள் கடைசி எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டும், சில நடுவில் உள்ள அக்கவுண்ட் எண்ணைக் கூட்டும். முதல் முகவரி இரண்டிலும் ஒன்றாகவே வரும், இரண்டாவதிலிருந்து பிரிந்துவிடும். அதனால் சோதனையில் மாட்டாது. பிட்காயினில் 44, 49, 84, 86 என்று தொடங்கும் நான்கு பாதைகளையும் முயலுங்கள். முகவரிகள் நிறைய உருவாக்கியிருந்தால் இடைவெளி வரம்பையும் (பயன்படாத எத்தனை முகவரி தொடர்ந்து வந்தால் தேடல் நிற்கும் என்ற எண்) 20-இலிருந்து ஏற்றிப் பாருங்கள்.

அடுத்து பாஸ்ஃபிரேஸ், அதாவது சீடோடு கூடுதலாக வைக்கும் ரகசியச் சொல். தமிழில் பாஸ்ஃபிரேஸ் வைத்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'பொன்' என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே யூனிகோட் எண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். சீடுக்கான பிஐபி-39 தரம் இதைச் சீராக்கச் சொல்கிறது. அதைச் செய்யாத மென்பொருளில் உருவாக்கிய வாலட்டைச் செய்யும் மென்பொருளில் திறந்தால் வேறு வாலட் திறக்கும். இரண்டு வடிவிலும் முயன்று பாருங்கள், இணையம் இல்லாத கணினியில்.

சீடை எந்த இணையதளத்திலும் தட்டச்சு செய்யாதீர்கள். 'மீட்டுத் தருகிறோம்' என்று தானாக வந்து பேசுகிறவர்கள் உதவ வந்தவர்கள் அல்ல.

## அறிகுறி: 2025-க்கு முன் சரியாக ஓடியது, இப்போது தோற்கிறது

சாதாரண முகவரிக்கு அனுப்பிய ஈத்தர், கேஸ் போதாமல் தோற்கிறது. நிரலில் 21,000 கேஸ் என்று நிலையாக எழுதியிருக்கிறீர்கள். 2025 மே 7-இல் எத்தீரியத்தில் வந்த பெக்ட்ரா மேம்படுத்தல், இஐபி-7702 என்ற மாற்றத்தின் மூலம் சாதாரணக் கணக்கும் கான்ட்ராக்ட் நிரலைச் சுட்டிக்காட்ட வழி செய்தது. அந்த முகவரியின் நிரலைக் கேளுங்கள். 23 பைட் வந்து, முதல் மூன்றும் இஎஃப், 01, 00 என்றிருந்தால் அது அப்படிப்பட்ட கணக்கு, பணம் வரும்போது நிரலும் ஓடுவதால் கேஸ் கூடுதலாக வேண்டும். எப்போதும் கேஸ் மதிப்பீட்டைக் கேட்டு அனுப்புங்கள். 'நிரல் இருந்தால் அது கான்ட்ராக்ட், பயனர் இல்லை' என்று நிராகரிக்கும் வரிகளையும் எடுத்துவிடுங்கள்.

நாம் எதுவும் அனுப்பவில்லை, நான்ஸ் கூடியிருக்கிறது. 7702 அனுமதி பதிவானாலே கணக்கின் நான்ஸ் ஒன்று ஏறும். உங்கள் ஹாட் வாலட்டை நீங்களே அப்படி மாற்றியிருந்தால் உள் எண்ணிக்கையைச் செயினோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். கெத் அத்தகைய கணக்குக்கு ஒரே நேரத்தில் ஒரு பெண்டிங் பரிவர்த்தனையைத்தான் ஏற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நீங்கள் மாற்றவில்லை என்றால் கடைசி அறிகுறிக்கு நேராகப் போங்கள்.

பெரிய தொகுப்பு வழங்கல் நுழையவே இல்லை. 2025 டிசம்பர் 3-இல் வந்த ஃபுசாகா என்ற எத்தீரியம் மேம்படுத்தலிலிருந்து ஒரு பரிவர்த்தனையின் கேஸ் உச்சவரம்பு 1,67,77,216. ஒரு டோக்கன் மாற்றத்துக்கு 50,000 என்று வைத்தாலே முந்நூறு சொச்சம் பேரில் இடிக்கும். தொகுப்பைப் பிரியுங்கள்.

டொமைன் மாற்றிய பின் பாஸ்கீ திறக்கவில்லை. பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் கீ) டொமைன் பெயரோடு கட்டப்பட்டது. பழைய டொமைனை உயிரோடு வைத்திருந்து, பயனர் அங்கே நுழைந்து புதிய கீயைச் சேர்க்க வழி கொடுங்கள். பழைய டொமைன் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தால் சேவையின் மீட்பு வழி ஒன்றுதான் மிச்சம், அவர்களை அழையுங்கள்.

## அறிகுறி: நாம் அனுப்பாத பணம் வெளியே போகிறது

இங்கே ஆய்வு பிறகு. முதலில் கஸ்டடி டாஷ்போர்டில் உறைய வைக்கும் பொத்தான். அது எங்கே இருக்கிறது, யாருக்கு அனுமதி இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள். அடுத்த நொடி சேவையின் அவசர எண்.

ஏபிஐ கீகளை ரத்து செய்யுங்கள், சர்வர்களை அணைக்காதீர்கள். அணைத்தால் நினைவகத்தில் உள்ள தடயம் போய்விடும். நெட்வொர்க்கைத் துண்டித்தால் போதும். பணம் எந்த எக்ஸ்சேஞ்சின் முகவரிக்குப் போகிறதோ அவர்களுக்கு ஹேஷோடு உடனே எழுதுங்கள். இந்தியாவில் என்றால் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னிடம் தெரிவிக்க வேண்டும். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இலும் பதிவு செய்யுங்கள்.

நிலைமை அடங்கிய பிறகு, கையெழுத்திட்டவர்கள் திரையில் பார்த்ததும் உண்மையில் கையெழுத்தானதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். 2025 பிப்ரவரி 21-இல் பைபிட் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் ஏறத்தாழ 150 கோடி டாலரை இழந்தது இப்படித்தான். கையெழுத்திட்டவர்களின் திரையில் வழக்கமான மாற்றம் தெரிந்தது. அவர்கள் கையெழுத்திட்ட தரவில் ஆபரேஷன் புலத்தில் 0-க்குப் பதில் 1 இருந்தது. அந்த ஒன்று, டெலிகேட்கால் (வேறொரு நிரலை வாலட்டின் அதிகாரத்தோடு ஓடவிடும் அழைப்பு) வழியாக வாலட்டின் நிரலையே மாற்றியது. ஆகவே உங்கள் மல்டிசிக் (பலர் கையெழுத்திட வேண்டிய வாலட்) வரலாற்றில் அந்தப் புலம் 1 ஆக இருக்கும் ஒவ்வொரு வரிசையையும் தனியே எடுத்து, யார், எதற்காக என்று கேளுங்கள்.

எந்த கீ கசிந்தது என்று உறுதியாகும்வரை பயனர்களுக்கு டெபாசிட் முகவரி காட்டுவதையும் நிறுத்தி வையுங்கள். ஏற்கெனவே கொடுத்த முகவரிகளுக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்று செயலியிலும் மின்னஞ்சலிலும் அன்றே சொல்லுங்கள். அந்த முகவரிகளுக்கு வரும் பணமும் அதே கைக்குத்தான் போகும்.